ஐஸ் வைத்தாலும் நிற்காத மீன்

வாலிநோக்கத்து உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைத்தால் அடுத்த வருடம் விலை ஏறும்போது விற்கலாம். பாம்பனில் இறங்கும் சூடை மீனுக்கு அந்த வசதி கிடையாது. விடியலில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை, சாயங்காலம் கருவாட்டு வியாபாரி சொல்வதுதான் விலை. ஐஸ் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும்.

புளுட்டோனியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை உப்புக் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்களும் சரி, எதிர்ப்பவர்களும் சரி, 24,000 ஆண்டு அரை ஆயுள் என்ற ஒரே எண்ணில் போய் நிற்கிறார்கள். எத்தனை நாள் கழித்தும் எடுத்து எரிக்கலாம் என்று ஒரு தரப்பு. எத்தனை தலைமுறை ஆனாலும் போகாது என்று இன்னொரு தரப்பு. அந்த எண் புளுட்டோனியம்-239 என்ற ஒரு வகைக்கு மட்டும் உரியது. மின் உலையிலிருந்து வெளியே வருவது ஒரு கலவை. அதில் ஒரு பங்கு பதினான்கே வருடத்தில் பாதியாகிவிடும். புளுட்டோனியத்தை மீண்டும் எரிபொருளாக்கும் தொழிலின் தலைவலிகளில் பெரும்பகுதி அந்தச் சின்னப் பங்கால் வருகிறது. எந்த ஐஸ் பெட்டியும் அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாது.

இராமநாதபுரம் கரையில் அணுவுலை இல்லை. வழுதூரில் எரிவாயு மின்நிலையம் உண்டு, உள்ளே கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்பண்ணை உண்டு. ஆனால் ராமேசுவரத்திலிருந்து நேர்கோடு போட்டால் தென்மேற்கே இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் கூடங்குளம், வடக்கே 375 கிலோமீட்டர் வாக்கில் கல்பாக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கரை இது. இரண்டும் ஒரே மாதிரி என்று நினைப்பது தவறு. கூடங்குளத்தில் எரிவது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம். கல்பாக்கத்துக் கனநீர் உலையில் எரிவது இயற்கை யுரேனியம். அதே வளாகத்தில் எரிந்த எரிபொருள் கட்டுகளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையும், பிரித்த புளுட்டோனியத்தை எரிக்கும் வேக உலைகளும் (நியூட்ரானை மெதுவாக்காமல் ஓடுபவை) இருக்கின்றன.

ஒரு கட்டில் என்ன இருக்கிறது

220 மெகாவாட் கனநீர் உலைக்குப் போகும் எரிபொருள் கட்டு அரை மீட்டர் நீளம். 19 குச்சிகள், ஒவ்வொரு குச்சியும் ஜிர்கோனியக் கலவை உறைக்குள் யுரேனிய ஆக்சைடு வில்லைகளை அடுக்கி மூடியது. ஒரு கட்டில் சுமார் 13.5 கிலோ யுரேனியம். உலைக்குள் 306 குழல்கள், குழலுக்கு 12 கட்டுகள், ஆக மொத்தம் 3,672.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் யுரேனியம்-235. மீதி எல்லாம் 238. இந்த 238 மெதுவான நியூட்ரான் பட்டால் பிளக்காது, விழுங்கிவிடும். விழுங்கியதும் யுரேனியம்-239 ஆகும். அது 23.5 நிமிட அரை ஆயுளில் நெப்டியூனியமாகும். நெப்டியூனியம் இரண்டே கால் நாளுக்குச் சற்று மேலான அரை ஆயுளில் புளுட்டோனியம்-239 ஆகிவிடும். இதற்கென்று தனியாக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. உலை ஓடினாலே நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. ஒரு டன் இயற்கை யுரேனியத்தோடு உள்ளே போகும் 235 ஏழு கிலோ. அந்த ஒரு டன் தரும் வெப்பம் சுமார் 7,000 மெகாவாட்-நாள். ஒரு கிராம் பிளந்தால் ஏறத்தாழ ஒரு மெகாவாட்-நாள் என்பது கைக்கணக்கு. ஆகவே பிளந்து தீர்ந்ததும் ஏழு கிலோ. ஆனால் வெளியே வரும் எரிந்த கட்டுகளை அளந்தால் டன்னுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் 235 இன்னும் மிச்சம் இருக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது? இடையில் உண்டான புளுட்டோனியம் அங்கேயே பிளந்து மீதிச் சூட்டைத் தந்திருக்கிறது. கல்பாக்கத்துக் கனநீர் உலைகள் 1980களிலிருந்து தந்த மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி புளுட்டோனிய மின்சாரம். அதை எரிப்பது ஏதோ வருங்கால வித்தை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எரிந்ததுபோக மிஞ்சுவது டன்னுக்கு 3.7 கிலோ வாக்கில். கட்டுக்கு 50 கிராம். ஒரு கைப்பிடி மிளகு எடை. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 239, கால் பங்கு 240, ஐந்தாறு சதவீதம் 241, மீதி சில்லறை. மெதுவான நியூட்ரானில் பிளப்பது ஒற்றைப்படை எண்காரர்கள், 239உம் 241உம்தான். 240 நியூட்ரானைத் தின்றுவிட்டு 241 ஆக நகரும்.

பிரிக்கும் இடம்

குளிர்விக்கும் தண்ணீர்க் குளத்தில் சில வருடம் ஆறிய கட்டுகளைத் தடித்த கான்கிரீட் அறைக்குள் எந்திரக் கையால் நறுக்கிச் சுடும் நைட்ரிக் அமிலத்தில் போடுகிறார்கள். உறை கரையாது, உள்ளிருக்கும் ஆக்சைடு கரையும். அந்தக் கரைசலை மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட்டோடு கலக்கிப் பிரிய விட்டால் யுரேனியமும் புளுட்டோனியமும் எண்ணெய்ப் பக்கம் ஏறிக்கொள்ளும். கூடவே இருக்கும் மற்றக் கதிரியக்கப் பொருள்களான சீசியம், ஸ்ட்ரான்சியம், அமெரிசியம் எல்லாம் அமிலப் பக்கமே நிற்கும். பிறகு புளுட்டோனியத்தின் வேதி நிலையை மாற்றி அதை மட்டும் எண்ணெயிலிருந்து இறக்குவார்கள். பியூரெக்ஸ் என்று பெயர். இந்தியாவில் 1960களில் டிராம்பேயிலும், 1970களில் தாராப்பூரிலும், 1990களின் கடைசியில் கல்பாக்கத்திலும் இதற்கான ஆலைகள் வந்தன.

உப்பளம் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் சுபாவம் புரியும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாகத் தள்ளும்போது ஜிப்சம் முன்பாத்தியில் படியும், உப்பு அடுத்ததில் விளையும், மெக்னீசியக் கசப்புத் தண்ணீர் கடைசியில் நிற்கும். நேரம் தவறி வாரினால் உப்பு கசக்கும். இங்கே நேரம் தவறிக் கொஞ்சம் சீசியமோ ருத்தேனியமோ கூடவே ஏறி வந்தால், பொடியைக் கையாளும் ஆட்கள் கதிர்வீச்சு வாங்குவார்கள். அதனால்தான் ஒரு தடவையோடு விடாமல் இரண்டு மூன்று சுற்று கழுவுகிறார்கள்.

கெடுவது பெரும்பாலும் எண்ணெய்தான். கதிர்வீச்சிலும் அமிலத்திலும் டிரைபியூட்டைல் பாஸ்பேட் உடைந்து டைபியூட்டைல் பாஸ்பேட் ஆகும். அது புளுட்டோனியத்தைப் பிடித்துக்கொண்டு இறக்காது. சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவிக் கழுவித்தான் மறுபடி ஓட்ட வேண்டும். உடைந்த எண்ணெய் சூடான அமிலத்தோடு ஒரு தொட்டியில் மாட்டிக்கொண்டால் விபரீதம். 1993 ஏப்ரலில் ரஷ்யாவின் டோம்ஸ்க்-7இல் ஒரு தொட்டி வெடித்ததற்கு அதுவே காரணம். இன்னொன்று, புளுட்டோனியக் கரைசல் அகலமான பாத்திரத்தில் சேர்ந்தால் தானாகத் தொடர்வினை தொடங்கிவிடும். அதனால் அந்த ஆலைகளின் பாத்திரங்கள் ஒல்லியாக, உயரமாக, சில பலகை போலத் தட்டையாக இருக்கும். தொட்டியின் வடிவமே பூட்டு.

சலிப்பூட்டும் விபத்துகளும் உண்டு, அவைதான் படிக்க வேண்டியவை. இங்கிலாந்தில் செல்லாஃபீல்டின் தார்ப் ஆலையில் 2005 ஏப்ரலில் ஒரு கசிவைக் கண்டுபிடித்தார்கள். 83 கன மீட்டர் கரைசல், அதற்குள் சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளுட்டோனியமும், அறையின் தரையில் தேங்கிக் கிடந்தது. கரைசலை எடை போடுவதற்காகத் தொட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது அசைந்து அசைந்து குழாய் இணைப்பு தளர்ந்து முறிந்தது. பல மாதமாக ஒழுகியிருக்கிறது. தரைக்குழியின் அளவுமானி சொல்லிக்கொண்டேதான் இருந்தது, யாரும் அதை நம்பவில்லை. எதுவும் வெளியே போகவில்லை என்பது சரி. 160 கிலோ கணக்கில் குறைந்தும் மாதக்கணக்கில் யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டியது.

பதினான்கு வருடக் கடிகாரம்

பிரித்து எடுத்தாயிற்று. ஆக்சைடுப் பொடியாக்கி டப்பாவில் அடைத்தாயிற்று. இங்கேதான் மீன் கணக்கு தொடங்குகிறது.

புளுட்டோனியம்-241இன் அரை ஆயுள் 14.3 ஆண்டு. பீட்டா துகளை விட்டுவிட்டு அது அமெரிசியம்-241 ஆகிறது. 100 கிராம் புளுட்டோனியத்தில் 6 கிராம் 241 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 4.7 கிராம்தான் இருக்கும், 1.3 கிராம் அமெரிசியமாகியிருக்கும். பதினான்கு வருடத்தில் பாதி போய்விடும். இதனால் மூன்று நஷ்டம். நன்றாகப் பிளக்கிற ஒரு பங்கு குறைகிறது. அந்த இடத்தில் வந்து உட்காரும் அமெரிசியம் நியூட்ரானை விழுங்குகிறது. மூன்றாவதுதான் மோசம்: அமெரிசியம் 59.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரை விடுகிறது. புதிதாகப் பிரித்த புளுட்டோனியத்தின் ஆல்பா கதிர் ஒரு காகிதத்தில் நின்றுவிடும். கையுறைக்கு வெளியே இருக்கும் ஆளுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. பழைய பொடியோடு வேலை செய்தால் கைக்கும் கண்ணுக்கும் நாளுக்கு நாள் அளவு ஏறும். ஈயம் கலந்த கையுறை போடலாம். அதைப் போட்டுக்கொண்டு நுண்ணிய வேலை செய்வது சாக்குப்பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஊசி கோப்பது மாதிரி.

ஆகவே பொடியைப் பிரித்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வில்லையாக்கிவிட வேண்டும். தவறினால் மறுபடி அமிலத்தில் கரைத்து அமெரிசியத்தைக் கழிக்க வேண்டும். அது கூடுதல் செலவு, கூடுதல் கழிவு.

டப்பாவுக்குள்ளும் சும்மா இருக்காது. ஆல்பா துகள் என்பது ஹீலியத்தின் கரு. வாயு சேர்ந்துகொண்டே போகும். ஈரமோ பிளாஸ்டிக்கோ பசையோ உள்ளே இருந்தால் கதிர்வீச்சில் சிதைந்து இன்னும் வாயு வரும். ஜப்பானின் ஓராய் ஆய்வு மையத்தில் 2017 ஜூன் 6 அன்று, இருபது வருடத்துக்கும் மேலாகத் திறக்காத ஒரு கொள்கலனைத் திறந்தார்கள். உள்ளே பொடியோடு எப்பாக்சி பிசின் இருந்தது. உப்பிப்போயிருந்த பிளாஸ்டிக் பை கிழிந்து பொடி பறந்தது. ஐந்து பேர் மூச்சில் இழுத்தார்கள். எந்தப் பாதுகாப்பு விதியையும் விட அந்தப் பையின் உப்பல் நன்றாக விளக்குகிறது, இந்தப் பொருளை எடுத்து வைத்துவிட்டு மறந்துபோக முடியாது என்பதை.

அப்படியானால் என்ன செய்வது? மீனை மடியில் ஏற்றும் முன் ஐஸ் இருக்கிறதா, லாரி நிற்கிறதா என்று பார்க்கிற படகுக்காரர் செய்வதுதான். எரிக்கும் உலை தயாராகும் வரை கட்டைக் கரைக்காமல் குளத்திலேயே விட்டுவைப்பது. கட்டுக்குள் இருந்தாலும் 241 சிதையத்தான் செய்யும், ஆனால் அங்கே உண்டாகும் அமெரிசியம் பிரிக்கும்போது தானாகக் கழிவுப் பக்கம் போய்விடும், பொடியில் சேராது. பிரிப்பு ஆலையும் வில்லை ஆலையும் உலையும் ஒன்றன் காலத்தோடு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாமல் போன நாடுகளின் கிடங்கில் டன் கணக்கில் பழைய பொடி கிடக்கிறது. பிரிட்டனிடம் நூறு டன்னுக்கு மேல்.

பொடி, வில்லை, குச்சி

மாக்ஸ் என்பது கலப்பு ஆக்சைடு: யுரேனிய ஆக்சைடும் புளுட்டோனிய ஆக்சைடும் கலந்த வில்லை. கேட்டால் சுலபம். சிமெண்டும் மணலும் கலப்பது போல இரண்டு பொடியைக் கலந்து, அழுத்தி, சுட்டு, சாணை பிடித்து, உறைக்குள் போட்டு, ஹீலியம் நிரப்பி, வாயைப் பற்றவைத்தால் முடிந்தது. இந்தியாவில் தாராப்பூரில் உள்ள எரிபொருள் ஆலையில் இது நடக்கிறது.

எல்லாமே கையுறைப் பெட்டிக்குள், அதாவது சுவரில் கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டிக்குள், நடக்க வேண்டும் என்பது முதல் சங்கடம். பெட்டியின் காற்றழுத்தத்தை அறையை விடக் குறைவாக வைத்திருப்பார்கள். கையுறையில் ஊசித்துளை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், உள்ளே இருக்கும் பொடி வெளியே வராது. அறையின் அழுத்தம் வராந்தாவை விடக் குறைவு, வராந்தாவுடையது வெளியை விடக் குறைவு. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் பொடிதான் எதிரி. கையுறையைத் துளைத்து விரலில் ஏறும் கூரான உலோகத் துணுக்கு அடுத்தது.

கலப்புதான் உயிர்நாடி. புளுட்டோனியப் பொடி திட்டுத் திட்டாக நின்றுவிட்டால் உலைக்குள் அந்த இடம் மட்டும் அதிகம் எரிந்து சூடேறும், வாயுவும் அதிகம் கக்கும். அதை விடப் பெரிய பிரச்சினை அடுத்த சுற்றில் வரும். யுரேனிய ஆக்சைடோடு நன்றாகக் கலந்து சுட்ட புளுட்டோனியம் நைட்ரிக் அமிலத்தில் கரையும். திட்டாக நின்ற சுத்தப் புளுட்டோனிய ஆக்சைடு லேசில் கரையாது. பாத்திரத்தின் அடியில் மண்டியாகப் படியும். பெல்ஜியத்தில் உருவாகிப் பிரான்சின் மெலாக்ஸ் ஆலையில் பயன்படும் முறையில் இதற்காகவே இரண்டு படி வைத்திருக்கிறார்கள். முதலில் 30 சதவீதம் வரை புளுட்டோனியம் உள்ள அடிக்கலவையை நைசாக அரைப்பது, பிறகு அதை யுரேனிய ஆக்சைடோடு சேர்த்து வேண்டிய அளவுக்கு நீர்த்துப்போகச் செய்வது. இட்லி மாவுக்கு உளுந்தைத் தனியே ஆட்டி அரிசி மாவோடு கரைப்பது போல.

சுடுவது சுமார் 1,650 முதல் 1,700 டிகிரி செல்சியஸில், ஹைட்ரஜன் கலந்த வாயுவில். ஹைட்ரஜன் எதற்கென்றால் வில்லையின் ஆக்சிஜன் பங்கைப் பிடித்து வைக்க. வேக உலை வில்லையில் ஓர் உலோக அணுவுக்கு இரண்டு ஆக்சிஜனுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் உள்ளிருந்து எஃகு உறையை அரிக்கும். அடர்த்தி குறைந்தாலும் விரிசல் விட்டாலும் வில்லை கழிந்துபோகும். கழிந்ததைத் தூக்கிப் போட முடியாது. நொறுக்கி மறுபடி கலவைக்கே கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு கிராமையும் கணக்கில் எழுத வேண்டும்.

கணக்கு என்றதும் ஜப்பானின் தோக்கை ஆலை ஞாபகம் வருகிறது. பொடி நிலைமின்னால் பெட்டிச் சுவரிலும் எந்திர இடுக்கிலும் ஒட்டிக்கொண்டே போய், 1994இல் பார்த்தபோது சுமார் 70 கிலோ புளுட்டோனியம் அப்படி ஒட்டிக்கிடந்தது. திருட்டு இல்லை, தூசி. ஆனால் தூசிதான் என்று நிரூபிக்க எந்திரங்களையே பிரித்துத் துடைக்க வேண்டியிருந்தது. செல்லாஃபீல்டில் நடந்தது வேறு ரகம். ஜப்பானின் தகஹாமா உலைக்காகச் செய்த வில்லைகளின் விட்டத்தை அளக்காமலே முந்தைய எண்களை நகலெடுத்து எழுதியது 1999இல் வெளிவந்தது. கப்பலில் போன எரிபொருள் 2002இல் கப்பலிலேயே திரும்பியது. அங்கேயே வருடத்துக்கு 120 டன் செய்யலாம் என்று கட்டிய அடுத்த ஆலை, மொத்த வாழ்நாளிலும் அதன் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் 2011இல் மூடப்பட்டது. அமெரிக்கா தென் கரோலினாவில் பாதி கட்டிய மாக்ஸ் ஆலையை 2018இல் கைவிட்டது. இவ்வளவு பணத்தைக் கடலில் கரைத்த ஒரு துறை இன்னும் நம்பிக்கையோடு பேசுவது ஆச்சரியம்தான். பெரிய அளவில் ஓடிக் காட்டியது பிரான்ஸ் ஒன்றுதான்.

உலைக்குள்

பிரான்ஸ் 1987இல் சான் லோரான் உலையில் தொடங்கி, 900 மெகாவாட் உலைகளில் மாக்ஸ் போடுகிறது. முழு உலையும் இல்லை. சுமார் 30 சதவீதம் வரை. ஏன் அந்த வரம்பு?

யுரேனியம்-235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் 0.65 சதவீதம் சற்றுத் தாமதமாக வரும். உலையைக் கட்டுக்குள் வைக்கிற லகான் இந்தத் தாமதம்தான். புளுட்டோனியம்-239க்கு அது 0.21 சதவீதம் மட்டும். லகான் மூன்றில் ஒன்றாகக் குட்டையாகிறது. அதோடு புளுட்டோனியம் மெதுவான நியூட்ரான்களை யுரேனியத்தை விடப் பேராசையோடு விழுங்குவதால் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் தண்ணீரில் கலந்த போரானுக்கும் பிடி குறைகிறது. ஆகவே மாக்ஸ் போடும் உலையில் கூடுதல் தண்டுகள் வைத்தார்கள்.

மாக்ஸ் கட்டு ஒன்று யுரேனியக் கட்டுகளுக்கு நடுவே நிற்கும்போது பக்கத்திலிருந்து மெதுவான நியூட்ரான்கள் வெள்ளமாக வந்து ஓரக் குச்சிகளைச் சூடேற்றும். அதனால் ஒரே கட்டுக்குள் மூன்று தரம்: மூலையில் புளுட்டோனியம் குறைவு, ஓரத்தில் நடுத்தரம், உள்ளே அதிகம். நம் கனநீர் உலைக்கு வடிவமைத்த மாக்ஸ்-7 கட்டிலும் இதே தர்க்கம். 19 குச்சியில் உள்ளே இருக்கும் ஏழில் மட்டும் 0.4 சதவீதம் புளுட்டோனியம், வெளியே உள்ள 12இல் வெறும் இயற்கை யுரேனியம். வெளிக்குச்சிகள் ஏற்கெனவே அதிகம் எரிகிறவை, பலம் உள்ளே போனால் சுமை சமமாகும். இப்படி 50 கட்டுகளைக் குஜராத்தின் காக்ரபார் உலையில் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் 1990களில் தாராப்பூரின் கொதிநீர் உலைகளிலும் சில மாக்ஸ் கட்டுகள் எரிந்தன. செறிவூட்டிய யுரேனியம் கிடைப்பது இழுபறியாக இருந்த காலம் அது.

இந்த வழியில் எத்தனை தடவை சுற்றலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஒரு தடவை. ஏழெட்டு எரிந்த யுரேனியக் கட்டிலிருந்து ஒரு மாக்ஸ் கட்டு கிடைக்கிறது. அது எரிந்து வெளியே வரும்போது 239 குறைந்து 240, 242 போன்ற இரட்டைப்படைக்காரர்கள் கூடியிருப்பார்கள். அதே சக்தியை மறுபடி எடுக்கப் புளுட்டோனிய அளவை ஏற்ற வேண்டும். 12 சதவீதம் தாண்டினால் தண்ணீர் குறையும்போது வினை அடங்காமல் எகிறும் அபாயம். எரிந்த மாக்ஸில் கியூரியம்-244 நிறைய. அதன் சூடு எளிதில் தணியாது, குளத்தில் பல பத்தாண்டு கூடுதலாகக் கிடக்க வேண்டும். பிரான்சே எரிந்த மாக்ஸை எடுத்துக் குளத்தில்தான் வைத்திருக்கிறது. கருவாட்டை மறுபடி கருவாடு போட முடியாது.

இரட்டைப்படைக்காரர்களையும் பிளக்க வேண்டுமானால் நியூட்ரானை மெதுவாக்கக் கூடாது. தண்ணீரை எடுத்துவிட்டுச் சோடியத்தை ஓடவிட வேண்டும். கல்பாக்கத்து வேக உலையின் வேலை அதுதான்.

1985 அக்டோபரில் தொடங்கிய சிறிய சோதனை உலையில் எரிவது ஆக்சைடு இல்லை, கார்பைடு. பிரான்சிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வராமல் போனதால், 70 சதவீதம் புளுட்டோனிய கார்பைடு உள்ள எரிபொருளை இங்கேயே செய்தார்கள். அந்தப் பொடி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். பெட்டிக்குள் மந்த வாயு இல்லாமல் தொடவே முடியாது. எரிந்த அந்தக் கார்பைடைக் கரைத்துப் பிரிக்கும் சிறு ஆலை 2003 முதல் அங்கே ஓடுகிறது. அதில் கற்றதைக் கொண்டு கட்டிய பெரிய செயல்விளக்க ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேக உலை எரிபொருளில் புளுட்டோனியமும் கதிர்வீச்சும் அதிகம் என்பதால் எண்ணெய் சீக்கிரம் கெடும். அதனால் அமிலமும் எண்ணெயும் சில நொடிகளே உரசிப் பிரியும்படி சுழல் எந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிற வேகம் வேண்டியிருக்கிறது.

அதே வளாகத்தின் 500 மெகாவாட் வேக உலைக்கு எரிபொருள் ஏற்றும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடக்கிவைக்கப்பட்டது. அதில் 181 எரிபொருள் தொகுதிகள், தொகுதிக்கு 217 குச்சிகள், குச்சியின் விட்டம் 6.6 மில்லிமீட்டர். உள்வட்டத்தில் சுமார் 21 சதவீதம், வெளிவட்டத்தில் 28 சதவீதம் புளுட்டோனிய ஆக்சைடு. மொத்தம் ஏறத்தாழ இரண்டு டன் புளுட்டோனியம். கட்டுக்கு 50 கிராம் என்ற கணக்கில் பெருக்கிப் பார்த்தால் 40,000 கனநீர்க் கட்டுகள், அதாவது பதினோரு உலை நிறைய. இது முதல் தடவைக்கு மட்டும். எரிந்தது வெளியே வந்து, ஆறி, கரைந்து, திரும்பி வரும் வரை இன்னொரு பங்கு கையிருப்பில் வேண்டும். எரித்ததை விட இது உண்டாக்குவது நூற்றுக்கு ஐந்து வாக்கில் மட்டுமே கூடுதல் என்பதால், இதை நம்பி இன்னொரு உலைக்கான புளுட்டோனியம் சேர்ப்பது ஒரு தலைமுறை வேலை.

சிங்கி இறாலும் சேறும்

இந்தக் கரையில் கேட்கப்படும் முதல் கேள்வி கடல் என்னாகும் என்பதுதான். பொதுவாகக் கடல் கெடும், கெடாது என்று பேசுவதில் பயனில்லை. எந்தப் பொருள், எந்த வேதி வடிவில், எந்த உயிருக்குள் போகிறது என்று கேட்டால் பதில் உண்டு.

ஐரிஷ் கடலில் நடந்ததைப் பார்க்கலாம். செல்லாஃபீல்டு பிரிப்பு ஆலை 1970களில் கடலில் விட்ட புளுட்டோனியம் பெரும்பாலும் தண்ணீரோடு போகவில்லை. கரையை ஒட்டிய சேற்றில் ஒட்டிக்கொண்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. அதே ஆலையிலிருந்து போன இன்னொரு கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99 நேரெதிர். அது கரைந்து நின்று நீரோட்டத்தோடு நார்வே வரை போனது. 1994க்குப் பின் தேங்கிய கழிவைச் சுத்திகரித்து விடத் தொடங்கியபோது டெக்னீசியம் அளவு ஏறியது, சிங்கி இறாலில் அது அபாரமாகச் சேர்ந்தது. அதே தண்ணீரில் கிடந்த நண்டில் அவ்வளவு சேரவில்லை. மீனவர்களும் அண்டை நாடுகளும் சத்தம் போட்டபின், ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து டெக்னீசியத்தை வீழ்படிவாக்கிப் பிடிக்கும் முறை 2004இல் வந்தது.

பாக் நீரிணை ஆழமில்லாத, சேறு கலங்கும் கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப்பாறையும் சிங்கி இறாலும். வடக்கே எங்கே எந்தப் பிரிப்பு ஆலை விரிந்தாலும் இந்தக் கரையின் சங்கத்துக்காரர்கள் கேட்க வேண்டியது மொத்தக் கதிர்வீச்சு எத்தனை என்ற ஒற்றை எண்ணை இல்லை. டெக்னீசியம், அயோடின்-129, டிரிட்டியம் மூன்றுக்கும் தனித்தனி எண். எந்த மீன், எந்த இறால், எந்த மாதம் பிடித்தது என்ற பட்டியல்.

விலைக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். வெளிச் சந்தையில் யுரேனியம் கிடைக்கிற வரை மாக்ஸ் மலிவு இல்லை. பிரான்சில்கூட இல்லை. இந்தியா இதில் இறங்கியதற்குக் காரணம் விலை இல்லை; தரமான யுரேனியம் குறைவு, கடற்கரை மணலில் தோரியம் அதிகம், தோரியத்தை எரிபொருளாக்கும் கட்டத்துக்குப் போகும் பாலம் புளுட்டோனியம். அந்தப் பாலம் எந்த வருடத்துக்குள் கட்டி முடியும் என்று பேசும்போது பதினான்கு வருடக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கூடங்குளம் முதல் உலை 2013 அக்டோபரில் மின்கட்டமைப்பில் இணைந்தது. 163 கட்டுகள் உள்ள அந்த உலையை முதல் தடவை எரிபொருள் மாற்ற நிறுத்தியது 2015இல். அப்போது வெளியே எடுத்த கட்டுகளில் இருந்த புளுட்டோனியம்-241இல், பத்து வருடக் கணக்குப்படி, 38 சதவீதம் 2025க்குள்ளேயே அமெரிசியமாகிவிட்டது.